கண்ணாடிப் பெட்டிக்குள் திரு. மொரிதா

1

கலாநிதி குலவீரசிங்கம் ஒரு செத்த மனிதரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறார். அது செத்தவர் என்று அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நானே போய்ச் சொன்னேன். மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் தரமும் போய்ச் சொன்னேன். பெட்டி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

ஊரில் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். லண்டனில் காஞ்சித் துறவியின் பெயர்ப்பலகை கிடைத்துவிட்டது என்று சித்திரை இதழில் படத்தோடு கட்டுரை எழுதியவர் அவர்தான். தமிழ்நாட்டில் இருந்து சீனாவுக்குப் போய்ப் பௌத்தம் போதித்ததாகச் சொல்லப்படும் துறவியின் பெயரைச் சீனர் பொன் எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்களாம். அதை ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கண்டெடுத்து இங்குள்ள தமிழ் மன்றத்துக்கு அன்பளிப்புச் செய்தாராம். அந்தக் கடைக்காரன் நான். படத்தில் பொன்னாடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவனும் நான்தான்.

கட்டுரையில் என் கடை இருக்கும் இடத்தைத் தவிர வேறு எதுவும் உண்மை இல்லை. சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு ஊருக்குப் போய் வந்த ஒருவர், அங்கே ஒரு வாசிகசாலையில் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். தயவுசெய்து கிழித்துவிடுங்கள். என்ன நடந்தது என்று கீழே சொல்கிறேன்.

2

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு மடைத்தனம் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தது என்று உங்களுக்கு விளங்காது.

லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் ஒரு சீன உணவகத்தில் பல வருடம் கோப்பை கழுவினேன். சுவரெல்லாம் சீன எழுத்து. அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் கண்டால், இது சீன எழுத்து என்று சொல்லத் தெரியும். அதையே அறிவு என்று நினைத்து இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். ஜெர்மன் மொழியும் இப்படித்தான். இன்றைக்கும் கவுன்சில்காரன் கடைக்கு வந்து ஏதாவது கேட்டால் என் வாயில் முதலில் வருவது 'யா' தான், ஜெர்மன்காரனின் 'ஓம்'. யோசிக்க நேரம் எடுப்பதற்காக இழுப்பது அது. அவன் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவான். கடை வாசலில் மரக்கறிப் பெட்டி வைப்பதில்லை என்று நான் ஒப்புக்கொண்டது அப்படித்தான்.

கடை தென் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில். விடியப் போய் மரக்கறி எடுத்து வந்து, கீரையைப் பிரித்து, மீன் பெட்டிக்கு ஐஸ் கொட்டி, இடையில் தொலைபேசி அட்டை விற்று, மத்தியானம் மனைவி பரமேஸ் சுடும் வடையை அடுக்கி, இப்படியே பொழுது போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓர் உல்லாசம். கார் பூட் சேல் என்று இங்கே ஒரு சந்தை. சனம் வெளியில் காரை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து, வீட்டில் மிஞ்சிய பழஞ்சாமானை விற்கும். பரமேஸுக்குப் பெரிய சட்டி வாங்கப் போன ஒரு ஞாயிறு, பீங்கான் கோப்பைகள் கிடந்த பெட்டிக்குள் அந்தப் பலகையைக் கண்டேன்.

ஒரு சாண் உயரம். கறுப்பு அரக்குப் பூச்சு, கண்ணாடி மாதிரி மினுக்கம். மேலிருந்து கீழாகப் பொன் எழுத்து. அடியில் தாமரை வடிவத்தில் பீடம். தாமரையைக் கண்டதும் இது லட்சுமி என்று முடிவு கட்டினேன். சீனர் வியாபாரத்தில் கெட்டிக்காரர். ஆகவே சீன லட்சுமி எங்கள் லட்சுமியை விடச் சுறுசுறுப்பாக இருப்பாள். கொண்டுவந்து கடையின் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, உது என்ன சாமி?" என்று பரமேஸ் கேட்டாள்.

"சீன லட்சுமி."

"அவைக்கு என்ன படைக்கிறது?"

"எல்லாருக்கும் படைக்கிறதுதான். வடையை வை."

சந்தனம், குங்குமம், பூ, வெள்ளிக்கிழமை தோறும் வடை. பலகையின் நெற்றியில் பொட்டும் ஏறியது. மகள் அபி பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறாள். எங்களோடு அவள் பேசுவது ஆங்கிலம். 'அப்பா', 'அம்மா' மட்டும் தமிழ். அவள் அன்றைக்கே சொன்னாள்: "அப்பா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. கழிப்பறைப் பலகையாகவும் இருக்கலாம்." இன்டர்நெற்றில் விற்றுத் தருகிறேன் என்று முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் டிஜிட்டல் கமராவால் படம் எடுத்தாள். சாமியை விற்கிறதோ என்று நான் கத்தினேன். அவள் அறைக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் பெரும்பாலான உரையாடல் இப்படித்தான் முடியும்.

3

குலவீரசிங்கம் அண்ணை முருங்கைக்காய் வாங்க வந்தார். எங்கள் மன்றத்தின் தலைவர். கலாநிதிப் பட்டம் மெய்யானது. தென்னையைத் துளைக்கும் வண்டைப் பற்றி ஆராய்ந்து வாங்கினார். அதற்குப் பிறகு அவர் ஆராயாத விஷயம் கிடையாது. உலகத்து மொழி எதை எடுத்துக் கொடுத்தாலும் உள்ளே தமிழைக் கண்டுபிடித்து வெளியே எடுப்பார்.

காசைக் கொடுக்கக் கை நீட்டியவர் சாமித்தட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"தம்பி சிவம், உதை எங்கை எடுத்தனீர்?"

"கார் பூட் சேலிலை, அண்ணை."

"உது என்னெண்டு தெரியுமோ?"

"சீன லட்சுமி."

"விசர்க்கதை கதையாதையும். தாமரையைப் பாரும். புத்த சமயம். எழுத்தைப் பாரும். சீனம். சீனத்துக்குப் புத்த சமயத்தைக் கொண்டு போனது ஆர்? காஞ்சிபுரத்தான். காஞ்சிபுரத்தான் ஆர்?"

"தமிழன்," என்றேன். பள்ளிக்கூடத்தில் கைதூக்கின மாதிரி.

"அப்ப உதிலை இருக்கிறது ஆற்றை பேர்?"

இதில் எந்தப் படியில் கால் வைத்து எந்தப் படிக்குத் தாவினார் என்று நான் கேட்கவில்லை. வரிசையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டால் எனக்கு இனப்பற்று இல்லை என்றாகிவிடும். பரமேஸ் மட்டும் அடுப்படிப் பக்கம் இருந்து தலையை நீட்டினாள்.

"புத்தமோ? ஐயோ அண்ணை, காவியைக் கண்டாலே எனக்கு வயிறு பத்தும். பட்டது காணாதே? உதை நான் தட்டிலை வைச்சிருக்க மாட்டன்."

"தங்கச்சி, அது அவங்கடை புத்தம். இது எங்கடை புத்தம்," என்றார் கலாநிதி.

அந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. வீட்டிலும் வைக்க முடியாது, விற்கவும் மனம் வராது, மன்றத்துக்குக் கொடுத்தால் பெருமை. தைப்பொங்கல் விழாவில் மேடையில் ஏறிக் கொடுத்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். என் கண் கலங்கியது. ஒலிவாங்கியைக் கொடுத்தபோது, சின்ன வயதில் இருந்தே எனக்குச் சீனப் பண்பாட்டில் ஈடுபாடு என்று சொன்னேன். கோப்பை கழுவியதைச் சொல்லவில்லை. பலகைக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து, பின்பக்கம் தெரியாமல் சிவப்பு வெல்வெற் வைத்து, மன்ற மண்டபத்தில் பூட்டினார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினேன்.

4

அபிக்கு மெய் லின் என்று ஒரு சிநேகிதி. மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பிள்ளை. தமிழரோடு வளர்ந்தவள். என் கடை வடையில் உப்புக் குறைவு என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே வாடிக்கையாளர். வைகாசியில் ஒரு பின்னேரம் வடையைக் கடித்தபடி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கடித்தது வாயிலேயே நின்றது.

"அங்கிள், ஏன் யாரோ செத்தவருடைய பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள்?"

இதை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவில் தொங்கிய அட்டையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கத்துக்குத் திருப்பினேன்.

அபி கணினியில் பழைய படங்களைத் திறந்தாள். மெய் லின் விரலை வைத்து வாசித்தாள். மேலே இருப்பது ஒரு பெயர். துறவிக்கு வைப்பது போன்ற பெயர், செத்த பிறகு கொடுப்பது. அதற்குக் கீழே இரண்டு எழுத்து, 'வீட்டில் வாழ்கிறவர்' என்று பொருள். எங்கள் இல்வாழ்வான் தான். பழைய இந்தியச் சொல்லைச் சீனத் துறவிகள் பொருள் பார்த்து இரண்டு எழுத்தாக்கினார்களாம். ஜப்பானியர் அதே இரண்டு எழுத்தையும் அப்படியே எடுத்து, சத்தத்தை மட்டும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றினார்களாம்.

"எங்கள் பக்கம் உயிரோடு இருக்கிற பக்தருக்கும் இதைச் சொல்வோம். அதனால் முதலில் யாரோ ஒரு பக்தரின் பெயர்ப்பலகை என்று நினைத்தேன்," என்றாள். "ஆனால் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். 'ஆவியின் இருக்கை'. இதில் சந்தேகம் இல்லை, அங்கிள். அவர் இதில்தான் இருக்கிறார்."

பின்பக்கப் படத்தில், உலகத்தில் வழங்கிய பெயர் என்று போட்டு, அவருடைய சொந்தப் பெயரும் இருந்தது. முதல் எழுத்து காடு, இரண்டாவது வயல். ஊரில் எங்கள் காணிகளுக்கு இப்படித்தான் பெயர் வைப்போம். இது சீனக் குடும்பப் பெயர் இல்லை, பக்கத்தில் எழுதியிருக்கும் ஆண்டுக் கணக்கும் ஜப்பானியருடையது என்றாள் மெய் லின்.

"அப்ப பேர் என்ன?" என்று கேட்டேன்.

"வாசிக்கத் தெரியும். ஆனால் என் வாயால் வருவது சீனச் சத்தம். நான் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்."

பரமேஸ் இவ்வளவு நேரமும் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

"செத்த மனிசனுக்கோ நான் வெள்ளிக்கு வெள்ளி குங்குமம் வைச்சனான்? என்னெண்டு இந்த மனிசனைக் கட்டினன், முருகா!" அவள் மேலே போய்த் தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு திரும்பி வந்தாள். இப்போது கவலை வேறு. "செத்தவைக்குப் படைக்கிறதெண்டால் சோறு, கறி, அவைக்கு விருப்பமான மீன் மச்சம் எல்லோ வைக்கவேணும்? இவ்வளவு நாளும் வடையைக் காட்டி ஏமாத்திப் போட்டம். பிள்ளை, அந்த மனிசனுக்குச் சொந்தக்காரர் இருப்பினம். தேடுங்கோ."

ஜப்பானியச் சாமான் விற்கும் கடை ஒன்றின் அறிவித்தல் பலகையில் ஓர் அட்டை ஒட்டலாம் என்று அபி சொன்னாள். காடு, வயல் என்ற அந்தப் பெயரைப் பெரிதாக எழுதி, இவருடைய பலகை எங்களிடம் இருக்கிறது என்று கடைத் தொலைபேசி எண்ணோடு கீழே போட்டால் போதும். எழுதக்கூடியவள் மெய் லின். பேனாவை வாங்கினாள்.

"எங்கள் வீட்டில் ஜப்பானியரைப் பற்றிக் கதைப்பதில்லை," என்றாள். "போர்க்காலத்தில் ஈப்போவில் என் தாத்தாவின் அண்ணனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருக்குப் பலகை இருக்கிறது. உள்ளே இருக்க அவர் திரும்பி வரவில்லை."

எங்கள் ஊரில் மலாயாவில் வேலை செய்து பென்சனோடு திரும்பியவர்கள் இருந்தார்கள். ரயில்பாதை, ரப்பர்த் தோட்டம், எல்லாம் பேசுவார்கள். ஜப்பான்காரன் காலம் என்று வந்தால் எழும்பிப் போய்விடுவார்கள். இதை அவளுக்குச் சொன்னேன். ஒரே எழுத்து, ஒரே புத்தர், அப்படி இருந்தும் லொறி வந்திருக்கிறது. சொல் பொதுவாக இருந்தால் மனிதர் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று மேடையில் முழங்கும் ஆட்களை இந்தப் பிள்ளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அவள் எழுதினாள். அழகான எழுத்து. அந்த வாரமே கடைத் தொலைபேசி அடித்தது. மெல்லிய குரலில் ஒரு பெண், அதுதான் என் கணவர் என்றார். மொரிதா. அப்படித்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

5

குரோய்டனில் முதியவர்களுக்கான ஒரு சின்ன பிளற்றில் திருமதி மொரிதா இருக்கிறார். டிராமில் போனோம், நான், அபி, மெய் லின். வழியில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்தைக் கண்டதும் வழக்கம் போலச் சட்டைப் பைக்குள் கடவுச்சீட்டைத் தடவிப் பார்த்தேன். அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன். நான் நான்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பதற்றத்தில் அதற்கும் 'யா' என்றேன்.

திருமதி மொரிதாவின் ஆங்கிலம் என்னுடையதை விட எவ்வளவோ திறம். இடுப்பு எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பழைய வீட்டைக் காலி செய்ய வந்த ஆட்கள் கோப்பைகளோடு சேர்த்துப் பலகையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். இப்போது சுவரில் ஒரு சின்னத் தட்டு. தட்டில் கணவரின் படம், ஒரு கிண்ணம், ஊதுபத்தி. நடுவில் ஒரு சாண் அகல வெற்றிடம்.

"நன்றாக இருந்தாரா?" என்று என்னிடம் கேட்டார். பலகையைப் பற்றித்தான்.

உண்மையைச் சொன்னேன். சந்தனம், குங்குமம், பூ, வடை, மேடை, பொன்னாடை.

"மேடையிலா? ஆட்கள் கூடினால் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்கிற மனிதர் அவர்," என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பட்டுச் சால்வை போர்த்தினீர்களா?"

"போர்த்தினார்கள். எனக்கு."

அவர் மெய் லின்னைப் பக்கத்தில் இருத்தி, ஒரு கடதாசியில் கணவரின் இறப்புப் பெயரை எழுதிக் காட்டினார். கணினியில் கண்டதேதான் என்று மெய் லின் தலையாட்டினாள். பிறகு இருவரும் விளையாட்டுப் போல எழுதத் தொடங்கினார்கள். ஒரே எழுத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் இன்னொரு விதமாகவும் சொன்னார்கள். எமன்கூட வந்தான். சீனத்தில் யென்லுவோ, ஜப்பானில் என்மா, ஒரே முதல் எழுத்து. எமன் எந்த நாட்டுக்குப் போனாலும் குடிவரவுக்காரர் பேசாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு திருமதி மொரிதா இரண்டு எழுத்து எழுதினார். "வூச்சாங்," என்றாள் மெய் லின். "முஜோ," என்றார் அவர். ஒன்றும் நிலைக்காது என்று பொருளாம்.

"எங்களிடமும் இருக்கிறது. அநித்தியம்," என்றேன், மரியாதைக்கு.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கொழும்பில் சிங்களவரின் செத்த வீட்டுத் தெருவில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். அதில் எழுதியிருப்பது இதே சொல், அனிச்ச. அந்தக் கொடியைக் கண்டால் மற்றப் பக்கத்தால் நடந்து போனவன் நான். அங்கேயும் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதற்காக அவர்கள் செய்ததை எல்லாம் மறந்துவிட்டேன் என்று யாரும் எழுதவேண்டாம். நான் மறக்கவில்லை. நினைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

திருமதி மொரிதா தேநீரை ஊற்றிவிட்டுச் சொன்னார்: "ஓகஸ்ட் நடுவில் எங்கள் 'ஓபொன்' பண்டிகை வருகிறது. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். போன வருடம் இந்தத் தட்டு இப்படியே இருந்தது. அவர் வந்திருப்பார். இருக்க இடம் இல்லாமல் நின்றுவிட்டுப் போயிருப்பார்."

எங்கள் ஆடி அமாவாசையும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். தகப்பனுக்காக விரதம் இருக்கிறவன் நான். எனக்கு அதை மேலும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

புதிதாக ஒன்று செய்ய முடியாதா என்று அபி கேட்டாள். முடியுமாம். ஆனால் பழையதில் இருப்பவரை முறைப்படி வழியனுப்பாமல் புதியதில் இருத்தக்கூடாதாம். "இரண்டு இடத்தில் எப்படி இருப்பார், மகளே?" என்றார். அவர் அபியை மகளே என்றது எனக்குக் கேட்டது. அபிக்கும் கேட்டது. வாசலில் நின்று, நாளைக்கே கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

6

நாளைக்கு என்பது எனக்குத் தெரிந்த குலவீரசிங்கத்தை நம்பிச் சொன்னது.

முதல் தரம் தனியாகப் போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பள்ளிக்கூடப் பெட்டையின்ரை கதையைக் கேட்டே வந்தனீர்? சீனனுக்குச் சீனம் விளங்காது, தம்பி. அதுக்குள்ளை இருக்கிற தமிழ் விளங்க அறிவு வேணும்."

"அண்ணை, உங்களுக்கு உதிலை ஓர் எழுத்து வாசிக்கத் தெரியுமோ?"

"நான் ஆராய்ச்சியாளன். வாசிக்கிறது எழுத்தர் வேலை."

அங்கிருந்து பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பொடியன் விவரம் கேட்டான். காணாமல் போனது பொருளா ஆளா என்று கேட்டான். இரண்டும் என்றேன். யார் கொடுத்தது என்று கேட்டான். நான் என்றேன். யாருக்கு என்று கேட்டான். அவர்களுக்கு, மேடையில், படத்தோடு என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, நீங்கள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள் என்றான். எனக்குச் சொந்தமில்லாத மனிதரை நான் அன்பளிப்புச் செய்திருக்கிறேன். அதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கப் போகிறது?

இரண்டாம் தரம் அபியும் வந்தாள். இந்த முறை குலவீரசிங்கம் சிரிக்கவில்லை. ஆண்டுவிழா மலர் அச்சுக்குப் போய்விட்டதாம், பலகைதான் அட்டைப்படமாம். சென்னையில் இருந்து வரும் பிரதம விருந்தினரிடம் மேடையில் அதைக் கையளிக்கப் போகிறார்களாம். அவர் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வைப்பாராம். கோலியர்ஸ் வுட்டில் இருந்து குரோய்டனுக்கு டிராமில் போய்விடலாம். சென்னைக்குப் போன மனிதரை அந்தப் பெண் எங்கே போய்த் தேடுவார்?

அப்போதுதான் அபி பேசினாள். தமிழில் பேசினாள். கடைசியாக அவள் வெளியாள் ஒருவரோடு தமிழ் பேசியது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

"அங்கிள், அது ஒரு ஆன்ரியிண்ட ஹஸ்பண்ட். அவ தனிய இருக்கிறா. அவர் வீட்ட போகவேணும். பிளீஸ், குடுங்கோ."

குலவீரசிங்கம் என்னைப் பார்த்தார். "சிவம், முதலிலை பிள்ளைக்கு ஒழுங்காத் தமிழ் பழக்கும். பிறகு வந்து தமிழரின்ரை சொத்தைப் பற்றிக் கதையும்."

கோபம் வந்தால் எனக்கு வருவது ஜெர்மன். கோப்பை உடையும்போது உணவக முதலாளி கத்திய ஏச்சு முழுவதும் வரிசையாக வந்தது. மண்டபம் அதிர்ந்தது. பொருள் அவருக்கு விளங்கவில்லை. தமிழில் ஒரு வசனம் சொல்ல வேண்டிய இடத்தில் அதுதான் வந்தது. வெளியே வந்ததும் அபி, "அப்பா, நீங்கள் சொன்னது என்ன?" என்று கேட்டாள். சொல்லக்கூடிய சொல் அதில் ஒன்றும் இல்லை என்றேன். நீண்ட காலத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடிய அழுதாள்.

கண்ணாடியை உடைக்க எனக்குத் தெரியும். கடையில் சுத்தியல் இருக்கிறது. திருமதி மொரிதாவுக்கு அதையும் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றார். "சண்டையோடு வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது," என்றார். பரமேஸ் அவரிடம் மனிதருக்கு என்ன மீன் பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

எனவே எழுதுகிறேன். நான் மேடையில் சொன்னதெல்லாம் பொய். எனக்குச் சீனப் பண்பாடு தெரியாது, கோப்பை கழுவத் தெரியும். பொன்னாடையைத் திருப்பித் தருகிறேன். மன்றத்து உறுப்பினர்கள் என் கடையில் சாமான் வாங்காமல் விடலாம். இரண்டு பேர் ஏற்கெனவே விட்டுவிட்டார்கள். அது என் பாடு.

குலவீரசிங்கம் அண்ணை, இனி உங்களிடம் கேட்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு எனக்குச் சொன்ன பதில் எதுவும் கணக்கில் இல்லை. ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை ஆண்டுவிழா. மண்டபம் நிறையச் சனம் இருக்கும், பிரதம விருந்தினர் இருப்பார், ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கும். பலகையை வெளியே எடுத்து முன்பக்கத்தை வாசியுங்கள். பின்பக்கத்து வெல்வெற்றைக் கழற்றி அதையும் வாசியுங்கள். அதில் இருப்பது காஞ்சித் துறவியின் பெயர் என்றால், எந்த எழுத்து அது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். வாசிக்க ஏலாது என்றால், ஏலாது என்று அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள். இரண்டில் எது என்றாலும் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் குரோய்டனில் இருந்து ஒருவரை அழைத்து வருகிறோம். முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை போடுங்கள். நீங்கள் பதில் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.